தாமரை வளர்ந்த கதை

ஒரு பெண் பிறந்து, தவழ்ந்து, சிற்றில் கட்டி விளையாடி, வயது வந்து, கல்யாணமாகி, ஒரு குடும்பத்துக்குத் தலைவியாக நிற்கும் வரையில் அவள் வாழ்க்கையை ஒரே ஓட்டமாகச் சொல்லும் காவியம் தமிழில் உண்டா? புலவர் யாரையேனும் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் தயங்கத்தான் செய்வார்.

சிலப்பதிகாரம் இருக்கிறதே என்பார். வாஸ்தவம். ஆனால் கண்ணகி நம் கண்முன் வரும்போதே பன்னிரண்டு வயது மணப்பெண்ணாகத்தான் வருகிறாள். அதற்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள் என்பது நமக்குத் தெரியாது. பெண்பாற் பிள்ளைத்தமிழ் இன்னொரு தினுசு. மூன்றாம் மாதத்தில் காப்புப் பருவம் தொடங்கி ஊசலோடு முடிந்துவிடும். ஊஞ்சலை விட்டு இறங்கிய குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்கக்கூடாது. உலாவில் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களும் உண்டு. ஆனால் ஏழு பருவத்துக்கும் வேறு வேறு பெண்கள். அத்தனை பேருக்கும் இருப்பது ஒரே வேலை, வீதியிலே போகிற ராஜாவைப் பார்த்து உருகுவது! ஆண்பிள்ளை சீவகனுக்கோ பிறப்பிலிருந்து துறவு வரை முழு வாழ்க்கையும் கிடைத்திருக்கிறது.

ஏட்டில் இல்லாத அந்தக் கதை கொங்கு நாட்டு உடுக்கையில் இருந்தது.

இன்று திருப்பூர் மாவட்டம் என்றால் பனியன் கம்பெனிகள்தாம் நினைவுக்கு வரும். 2009-ல் அந்த மாவட்டம் உண்டானபோது காங்கயமும் அதில் சேர்ந்தது. காளைகளுக்குப் பேர்போன அந்த வறண்ட சீமையில் ஓலப்பாளையம் என்று ஒரு கிராமம். 1965-ல் பிரெண்டா பெக் என்ற ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சி மாணவி அங்கே குடியிருந்தார். ராமசாமி என்ற பாடகர் உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடிய அண்ணன்மார் சுவாமி கதையை ஒலிநாடாவில் பதிந்துகொண்டார். சில இரவுகளில் முடிகிற கதை அல்ல அது. பாடியவர் சொன்ன தமிழ் 1992-ல்தான் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் மூலம் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது. அதற்கு முன்பே, 1971-ல், கவிஞர் சக்திக்கனல் ஏட்டுப் பிரதியைக் கொண்டு அண்ணன்மார் கதையைப் பதிப்பித்திருந்தார்.

பொன்னர், சங்கர் என்ற இரு வீரர்களின் கதை என்றே எல்லோரும் இதைச் சொல்லுகிறோம். கலைஞர் எழுதிய நாவலுக்கும், 2011-ல் வந்த சினிமாவுக்கும் அதுதான் பெயர். மணப்பாறைக்குப் பக்கத்தில் வீரப்பூரில் மாசி மாதம் கூடுகிற ஜனங்களும் அந்த அண்ணன்மாரைக் கும்பிடத்தான் போகிறார்கள். ஆனால் கதையை முதலிலிருந்து கேட்டுப் பாருங்கள். அண்ணன்மார் பிறப்பதற்குள் கதையில் கணிசமான பகுதி கடந்து போயிருக்கும். அதுவரை நம்மை இழுத்துக்கொண்டு போகிறவள் அவர்களுடைய தாய் தாமரை.

பாடுகிறவருக்குப் பாடுகிறவர் விவரங்கள் மாறும். காங்கயம் பக்கத்து வழக்கில் தாமரை, பெயருக்கேற்றபடி, தாமரைப் பூவில் கிடைத்த குழந்தை. செல்லமாக வளருகிறாள். அந்த வீட்டிலேயே தாய் தகப்பன் இல்லாத ஒரு பையன், குன்னுடையான், ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருக்கிறான். வளர்ந்த பிறகு அவனுக்கே அவள் மனைவியாகிறாள். அவளுடைய அண்ணன்மாருக்கு இது சகிக்கவில்லை. பண்ணையத்து ஆளுக்குத் தங்கையைக் கொடுப்பதா? உறவு முறிந்துபோகிறது.

பிறகு வருகிற கட்டத்தைத்தான் நான் கதையின் உயிர்நிலை என்பேன். வருஷங்கள் போகின்றன, தாமரைக்குக் குழந்தை இல்லை. அண்ணன் பிள்ளைகளையாவது கண்ணாலே பார்க்கலாம் என்று பிறந்த வீட்டுக்குப் போகிறாள். வாசலிலே காவல்காரன் அவளை அடித்துத் துரத்துகிறான். ஓடி விளையாடிய அதே வாசல்! அவள் மனம் வெந்து இட்ட சாபத்தில் உள்ளே குழந்தைகள் மாண்டு விழுகின்றன. அண்ணன்மார் வந்து அழுகிறார்கள். அவளே உயிர்ப்பித்தும் கொடுக்கிறாள். ஆனால் சும்மா அல்ல. தன் வயிற்றில் இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கே அண்ணன் பெண்களைக் கொடுக்க வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொள்கிறாள். அதன் பிறகுதான் இருபத்தோரு வருஷத் தவம், சிவனிடம் வரம், எல்லாம்.

கொங்குக் கல்யாணம் பார்த்தவர்களுக்கு இணைச்சீர் தெரிந்திருக்கும். மாப்பிள்ளையையும் அவன் உடன்பிறந்தாளையும் ஒரு சேலையாலே இணைத்துச் செய்கிற சடங்கு. கல்யாணம் ஆனாலும் உடன்பிறந்தாளின் உறவு அறுந்துவிடாது என்பதற்கு அது ஊரறிந்த சாட்சி. அந்தச் சாட்சி பொய்த்துப்போனால் ஒரு பெண்ணின் கதி என்ன என்பதை, கோயில் வாசலில் உட்கார்ந்து தாமரை கதை கேட்ட பெண்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. 1965-ல் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பிறப்புரிமை கிடையாது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் வந்தது 1989-ல். சட்டம் வந்த மாத்திரத்தில் வாசல் திறந்துவிட்டதா என்பது வேறு விஷயம்.

தாமரைக்குப் பொன்னர், சங்கரோடு பிறந்தவள் தங்காள். அவளையும் நாம் சிறுமியாகப் பார்க்கிறோம். ஊஞ்சலில் ஆடுகிறாள், கிளி வேண்டுமென்று அண்ணன்மாரிடம் அடம் பிடிக்கிறாள். வரப்போகிற கேடெல்லாம் அவள் கனவிலே தெரிகிறது; கேட்பார்தான் இல்லை. அவள் கல்யாணம் செய்துகொள்வதே இல்லை. அண்ணன்மார் மடிந்த பிறகு அரண்மனைக்குத் தீ வைத்துவிட்டு, பிணங்களைத் தேடிக் காட்டிலே தனியாக அலைகிறாள். அவர்களை ஒருதரம் எழுப்பி நாலு வார்த்தை பேசவும் வைக்கிறாள். பிள்ளைத்தமிழ் கட்டிப்போட்ட ஊஞ்சலிலிருந்து ஒரு பெண் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதை அங்கேதான் காண்கிறோம். அவள் புலம்பலை உடுக்கைக்காரர், மீசை வைத்த ஆண்பிள்ளை, பெண் குரலாகவே இறங்கி, ஒப்பாரி ராகத்தில் பாடுவார்.

தாமரை வாக்கு வாங்கிய அந்த அண்ணன் பெண்கள் இருவரும் பொன்னருக்கும் சங்கருக்கும் மனைவிமாராக வந்தார்கள். கணவன்மார் அவர்களைத் தொடவில்லை. தனி மாளிகையில் அடைத்து வைத்தார்கள். தங்காள் வைத்த தீயில் எரிந்தவர்கள் அவர்கள்தாம். அவர்கள் எப்படி வளர்ந்தார்கள் என்பதற்குக் கதையில் இடம் இல்லை.