இறுகிய உடல், எரிந்த ஏடு

1956ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள். நியூயார்க் நகரில், கேன்ஸ்வூர்ட் தெருவிலிருந்த குப்பை உலை. அன்று அதில் எரிந்தது குப்பை அன்று, ஏடுகள்! டன் கணக்கில் நூல்கள், ஆய்விதழ்கள், அறிக்கைகள் நெருப்புக்கு இரையாக்கப்பட்டன. கொளுத்தியவர் யார்? இட்லரின் படையினரோ? மதவெறி தலைக்கேறிய குருமார் கூட்டமோ? இல்லை. 1933இல் பெர்லினில் ஏடுகள் எரிந்தபோது கண்டனக் குரல் எழுந்த அதே அமெரிக்க நாட்டில், அரசின் உணவு மருந்துத் துறை, நீதிமன்ற ஆணையைக் கையில் ஏந்தி, இந்தத் தீயை மூட்டியது.

அந்த ஏடுகளை எழுதியவர் வில்ஹெல்ம் ரைக் என்ற மருத்துவர். அவற்றிலே உண்மையும் இருந்தது, உளறலும் இருந்தது. இரண்டையும் பிரித்தறிய முயலாமல் ஒன்றாகப் போற்றினர் ஒரு சாரார். ஒன்றாகப் பொசுக்கினர் மற்றொரு சாரார். பகுத்தறிவு பேசும் இளைஞர்கள் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புவது அதனால்தான்.

ரைக் 1897இல், அன்றைய ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசின் கலீசியப் பகுதியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே தாய் தன்னுயிரை மாய்த்துக் கொண்டார். 1914இல் தந்தையும் மறைந்தார். பின்னர் முதல் உலகப்போரின் களம். துன்பம் என்பதை ஏட்டில் படித்தறிந்தவரல்லர் அவர். போர் ஓய்ந்து வியன்னாவில் மருத்துவம் பயின்று வரும்போதே, 1920இல், பிராய்டு அமைத்த உளப்பகுப்பாய்வுக் கழகத்தில் இடம்பெற்றார்.

உள்ளத்து நோய்க்கு மருத்துவம் என்பது அந்நாளில் பணப்பெட்டி கனத்தவருக்கே கிட்டிய பேறு. 1922இல் வியன்னாவில் ஓர் இலவச உளமருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. ரைக் அங்கே பணியாற்றினார். ஆலைத் தொழிலாளி வந்தார், வீட்டு வேலைக்காரப் பெண் வந்தார், வேலையற்றோர் வந்தனர். சாய்ந்து படுத்துக்கொண்டு மனத்தில் தோன்றுவதையெல்லாம் சொல். மருத்துவர் தலைமாட்டில் மறைவாக அமர்ந்து கேட்பார். மறைந்து கிடக்கும் நினைவு வெளிவந்தால் நோய் தீரும் — இதுவே பிராய்டு வகுத்த முறை.

ரைக் கேட்டதோடு நில்லாமல் பார்க்கவும் செய்தார். நெஞ்சைப் பிளக்கும் துயரக் கதையைக் குரல் நடுங்காமல் சொல்லி முடிப்பார் ஒருவர். நினைவு வந்துவிட்டது, நோய் போகவில்லை! ஏன்? அவருடைய தாடை இறுகியிருக்கிறது. கழுத்து விறைத்திருக்கிறது. மூச்சு மார்போடு நின்றுவிடுகிறது, வயிற்றுக்கு இறங்குவதே இல்லை. அழுகையை அடக்க நினைக்கும் குழந்தை என்ன செய்கிறது? மூச்சைப் பிடித்துக் கொள்கிறது, பல்லைக் கடிக்கிறது, வயிற்றை எக்கிக் கொள்கிறது. 'அழாதே', 'எதிர்த்துப் பேசாதே', 'அடங்கி நட' என்று ஆயிரம் முறை கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அந்த இறுக்கமே இயல்பாகிவிடுகிறது. இதற்கு ரைக் தந்த பெயர் 'கவசம்'. அம்பு தைக்காமல் காக்கும் கவசம், அணிந்தவன் அசையவும் முடியாமல் செய்துவிடுகிறது அல்லவா?

1933இல் கோபன்கேகனில் ஒருவருக்கு மருத்துவம் செய்தபோது, விறைத்த அவர் கழுத்து திடீரெனத் தளர்ந்தது. அடுத்த மூன்று நாட்கள் அவர் முகம் வெளுத்தது, மஞ்சளித்தது, நீலம் பாய்ந்தது. தலையிலும் கழுத்திலும் கடும்வலி. அடக்கி வைத்த உணர்ச்சி உடலின் நரம்புகளிலே புயலாக எழுந்ததை ரைக் கண்ணாரக் கண்டார். அதன்பின் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் வாழ்ந்த ஆண்டுகளில், சொல்லோடு உடலையும் சேர்த்து மருத்துவம் செய்யும் முறையை உருவாக்கினார். மருத்துவர் மறைவில் அமர்வதில்லை, எதிரே இருக்கிறார். ஆழ மூச்சுவிடச் சொல்கிறார். இறுகிய தசையை அழுத்துகிறார். நடுக்கம் வருகிறது, விம்மல் வருகிறது, சில வேளை சினமும் வருகிறது. நினைவு அதன்பின் வருகிறது.

இதிலே மந்திரமோ மாயமோ ஏதுமில்லை. உடலின் மாற்றத்தை நாம் உணர்வதே உணர்ச்சி என்று அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1884இலேயே எழுதினார். அச்சமும் சினமும் எழும்போது நெஞ்சு படபடப்பதையும் செரிமானம் நின்றுபோவதையும் வால்டர் கேனன் ஆய்ந்து 1915இல் நூலாக்கினார். உடல் உதறி, விம்மி அழும் பெண்ணைப் 'பேய் பிடித்தவள்' என்று பூசாரியின் வேப்பிலைக்கு அனுப்பிய நம் நாட்டாருக்கு இந்த நூல்கள் எத்துணை தேவை!

ரைக் மட்டுமே இதைக் கண்டார் என்று எண்ணிவிட வேண்டாம். பெர்லினில் எல்சா கிண்ட்லர் என்ற பெண்மணி இருந்தார். காசநோய் கண்டு, மலைநாட்டு மருத்துவமனைக்குச் செல்லப் பணமின்றி, தன் மூச்சையே நாள்தோறும் கூர்ந்து கவனித்து நலம் பெற்றவர் என்பர். 1926இல் உழைக்கும் மக்களுக்கான உடற்பயிற்சி பற்றி அவர் எழுதினார். அவரிடம் பயின்ற நடனக் கலைஞர் எல்சா லிண்டன்பர்க், பின்னர் ரைக்கின் வாழ்க்கைத் துணையானார். ஆசிரியையை மறந்து மருத்துவரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது உலகம். ஆணின் பெயரே நூலின் அட்டையில் நிற்கும் வழக்கம் ஐரோப்பாவுக்கும் பொதுதான் போலும்.

1927 ஜூலை 15. வியன்னாவின் நீதி மாளிகை எதிரே திரண்ட தொழிலாளர் மீது காவல்துறை சுட்டது. 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நேரில் கண்ட ரைக் திகைத்தார். சுட்டவனும் ஏழை வீட்டுப் பிள்ளைதானே! அடங்கிப் போகும் பழக்கத்தைத் தொட்டிலிலிருந்தே உடலில் ஏற்றிவிட்டால், ஆணை கேட்டதும் கை தானாக விசையை இழுக்காதா? இந்தக் கேள்வியே 1933இல் 'பாசிசத்தின் மக்கள் உளவியல்' என்ற நூலாயிற்று. பொதுவுடைமைக் கட்சி அவரை 1933இல் விலக்கியது. உலக உளப்பகுப்பாய்வுக் கழகம் 1934இல் விலக்கியது. நாஜிகளிடமிருந்து தப்பி ஓட வேண்டியதாயிற்று. மூன்று வாசல்களும் மூடப்பட்ட மனிதர், 1939இல் அமெரிக்கா சேர்ந்தார்.

சறுக்கல் எங்கே தொடங்கியது? உடலில் உணர்ச்சி உண்டு என்று கண்டவர், அந்த உணர்ச்சியை இயக்கும் தனி ஆற்றல் ஒன்று உண்டென்றார். அதற்கு 'ஆர்கோன்' என்று பெயரிட்டார். அது நீல நிறம் என்றார்; வானமெங்கும் பரவியது என்றார். வெளியே மரமும் உள்ளே உலோகத் தகடும் கொண்ட பெட்டி செய்து, அதில் ஆள் அமர்ந்தால் ஆற்றல் சேரும் என்றார். புற்றுநோயாளரையும் அதில் அமர்த்தினார். ஆவியை விரட்டிய கையாலேயே வேறோர் ஆவியை அழைத்து வந்தார்!

1941 ஜனவரியில் ஐன்ஸ்டைனை நேரில் கண்டு, பெட்டியின் மேற்பகுதி சூடாவதை ஆய்ந்து பார்க்க வேண்டினார். ஐன்ஸ்டைன் எள்ளவில்லை, விரட்டவில்லை. பெட்டியை வாங்கி ஆய்ந்தார். வெப்ப வேறுபாடு உண்மையிலேயே இருந்தது. ஆனால், அறையின் மேற்பகுதிக் காற்றுக்கும் கீழ்ப்பகுதிக் காற்றுக்கும் இடையிலான வெப்ப ஓட்டமே அதற்குக் காரணம் என்று அவருடைய உதவியாளர் காட்டினார். ஐன்ஸ்டைனும் அதையே ஏற்றார். ரைக் ஏற்கவில்லை. பக்கம் பக்கமாக மறுப்பு எழுதினார். பிறர் ஆய்ந்து சொன்ன முடிவுக்குச் செவி மூடிய அன்றே அறிவியலாளர் என்ற நிலையிலிருந்து அவர் இறங்கிவிட்டார் என்பேன்.

ஆயினும் அரசு செய்தது என்ன? 1954இல் பெட்டிகளுக்குத் தடை பெற்றது; அது முறையே. அறிவியலை நீதிமன்றம் தீர்மானிக்க முடியாது என்று மடல் எழுதிவிட்டு, வழக்கிற்கே வர மறுத்தார் ரைக். தடை மீறப்பட்டதென 1956இல் ஈராண்டுச் சிறை விதித்தனர். பெட்டிகளைக் கோடரியால் பிளந்ததோடு நில்லாமல், நூல்களையும் உலையில் இட்டனரே! 1957 நவம்பர் 3ஆம் நாள், லூயிஸ்பர்க் சிறையில் அவர் இறந்தார்.

அவர் மாணவர்கள் வழியே உடல்வழி மருத்துவம் பரவியது. நல்லோரிடமும் பரவியது, போலிகளிடமும் பரவியது. 2000ஆம் ஆண்டு கொலராடோவில், 'மறுபிறப்பு' என்று சொல்லி 10 வயதுச் சிறுமியைப் போர்வையில் சுற்றி, பெரியவர்கள் மேலே சாய்ந்து அழுத்தினர். மூச்சு முட்டுகிறது என்று கதறினாள். அதுவும் மருத்துவத்தின் பகுதி என்றே கொண்டனர். இறந்தாள். நடத்திய இருவருக்கும் 16 ஆண்டுச் சிறை கிடைத்தது. மறுபுறம், 2014இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு: கொடுமைகளுக்கு ஆளாகி, மருத்துவத்தால் தேறாத 64 பெண்கள். ஒரு பாதியினருக்கு 10 வாரம் மூச்சும் அசைவும் கொண்ட யோகப் பயிற்சி. மறு பாதியினருக்கு உடல்நலப் பாடம். முடிவில் முதற் பிரிவில் 52 விழுக்காட்டினர் நோயின் வரையறையிலிருந்து விடுபட்டனர். மறு பிரிவில் 21 விழுக்காட்டினர். குண்டலினி எழுந்ததா என்று எவரும் கேட்கவில்லை; எண்ணிப் பார்த்தார்கள். 64 பேர் சிறு தொகைதான். பெரிய ஆய்வுகள் வேண்டும்.

தம் கையெழுத்து ஏடுகளை 50 ஆண்டுகள் பூட்டி வைக்க வேண்டுமென ரைக் எழுதி வைத்திருந்தார். எரிந்த நூல்கள் 1960 முதல் மீண்டும் அச்சேறின. 2007 நவம்பரில், ஹார்வர்டு மருத்துவ நூலகத்தில் ஏடுகளின் பூட்டும் திறக்கப்பட்டது. கவசத்தைக் கண்ட மருத்துவரின் குறிப்பும், நீல ஆற்றலைத் தேடியவரின் குறிப்பும் அங்கே அருகருகே இருக்கின்றன. ஆய்வாளர் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள்.