ஏழு கன்னியர் மலையும் வழிகாட்டிக் கருவிகளும்

வெளி அடையாளம் எதையும் பாராமல், சென்ற வேகத்தையும் திசையையும் நேரத்தையும் கூட்டிக்கொண்டே இருப்பிடத்தைக் கணிக்கும் முறை மாலுமிகளுக்கு நெடுங்காலமாகப் பழகியது. இருபதாம் நூற்றாண்டில் மின்னணுக் கருவிகள் அதனை ஏற்றபோது, பயணம் நீள நீளப் பிழையும் பெருகும் என்ற பழைய குறையும் உடன்வந்தது. மலையகத்தில் அக்குறை 1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு வெளிப்பட்டது. சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களுடன் ஜித்தாவுக்குப் புறப்பட்டு, வழியில் கட்டுநாயக்கவில் இறங்கவிருந்த மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே எழும் ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதியதில், 182 பயணிகளும் 9 பணியாளரும் ஒருவர்கூட எஞ்சாமல் மாண்டனர்.

விமான நிலையத்துக்கு இன்னும் ஏறத்தாழ 40 கடல் மைல் தூரம் இருந்தும், தமது இருப்பிடத்தைப் பிழையாக அடையாளங்கண்ட விமானிகள் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டனர் என்றும், டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியிருந்தமை தவறான விளக்கத்துக்கு இடமளித்தது என்றும் விசாரணை கருதியது. டொப்ளர் கருவி விமானத்திலிருந்து சாய்வாகக் கீழ்நோக்கி ரேடியோக் கதிர்களை அனுப்பி, தரையிலோ கடலிலோ பட்டு மீளும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு வேகத்தையும் காற்றினால் ஏற்படும் விலகலையும் அளக்கும். எதிரே நிற்கும் மலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோவும், பயணம் நீளப் பிழை பெருகும் குறைக்கு விலக்கானதல்ல. சுழலும் ஜைரோஸ்கோப்புகளால் திசை மாறாது நிறுத்தப்பட்ட தளத்தில் ஆர்முடுகலை அளந்து, அதிலிருந்து வேகத்தையும் இடத்தையும் கணித்த அதன் சடத்துவக் கருவி மெல்ல மெல்ல வழுவியதால், விண்வெளி வீரர்கள் நட்சத்திரங்களைக் குறிபார்த்து அதனை மீண்டும் மீண்டும் திருத்தினர். அக்கருவியைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் பிரிவே பின்னர் போயிங் 747க்கும் சடத்துவக் கருவி செய்தது. மலையக விபத்துக்கு மூன்று நாள் முன்னர் வேர்ஜீனியாவில் இன்னொரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்ததைத் தொடர்ந்து, தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. ஆயினும் அன்றைய கருவி நேர்கீழே மட்டுமே அளந்ததால், செங்குத்தான மலைமுன் அதன் எச்சரிக்கை பிந்தியே வரக்கூடும்.

இன்று பொழுதுபோக்காகப் பறக்கவிடப்படும் டிரோனில் அதே ஜைரோஸ்கோப்பும் ஆர்முடுகல் அளவியும் நகக்கண் அளவான சில்லுக்குள் அடங்கியுள்ளன; இருப்பிடப் பிழையைச் செய்மதிச் சமிக்ஞை திருத்துகிறது. உயரத்தையோ பெரும்பாலும் காற்றழுத்தத்தைக் கொண்டு, புறப்பட்ட இடத்திலிருந்தே அது கணக்கிடுகிறது. லயத்து முற்றத்திலிருந்து 30 மீற்றர் உயரத்தில் மேல்மலை நோக்கி அனுப்பினால், திரையில் 30 என்றே காட்டிக்கொண்டு தேயிலைச் செடியில் மோதும். சரிவுகளில் மருந்து தெளிக்கும் டிரோன்களில் தரையை அளக்கும் ரேடாரைப் பொருத்துவது இதனாலேயே.