புகழ்ப் பட்டியலும் தொண்டத்தொகையும்

புகழ் என்பது தமிழர் வாழ்வில் ஆழ வேரூன்றிய கருத்து. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். சங்கத்துப் புறப்பாடல்கள் பல புகழ் பற்றியவையே. எனினும் புகழுக்கு வரிசை எண் இட்டு, இவர் முதலாமவர், இவர் ஏழாமவர் எனப் பிரித்துக் காட்டுவது பழந்தமிழ் வழக்கன்று. செய்தி ஏடுகளும் தொலைக்காட்சியும் வளர்த்த புதுவழக்கு. போற்றத்தக்க பெரியோர் பதின்மர் என்றோ நூற்றுவர் என்றோ பட்டியல் வெளிவந்ததும், அதில் இடம்பெற்றோரின் அன்பர் மகிழ்கின்றனர். இடம்பெறாதோரின் அன்பர் சினங்கொள்கின்றனர். பட்டியல் எவ்வாறு உருவாயிற்று என வினவுவோர் சிலரே. அவ்வினாவை எழுப்பி, தென்சென்னையின் வரலாற்றிலிருந்தே சில சான்றுகளை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2012ஆம் ஆண்டு வாக்கெடுப்பு

இந்தியாவில் இவ்வகையில் மிகப் பெரிதாக நடந்தது 2012ஆம் ஆண்டின் ‘மாபெரும் இந்தியர்’ தேர்வாகும். அவுட்லுக் இதழும், சிஎன்என்-ஐபிஎன், ஹிஸ்டரி டிவி18 ஆகிய தொலைக்காட்சி நிலையங்களும் இணைந்து இதனை நடத்தின. காந்தியடிகளோடு ஒப்பிடத் தக்கார் இலர் எனக் கருதி அவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். காந்தியடிகளுக்குப் பின் யார் என்பதே வினா. நடுவர் குழுவின் கருத்து, இணையத்திலும் தொலைபேசியிலும் பதிவான மக்கள் வாக்கு, ஆய்வு நிறுவனம் ஒன்றின் கள ஆய்வு ஆகிய மூன்றையும் கூட்டி முடிவு கண்டனர். அம்பேத்கர் முதலிடம் பெற்றார். அவரையடுத்து அப்துல் கலாம், வல்லபாய் படேல், நேரு, அன்னை தெரசா, ஜே.ஆர்.டி. டாட்டா, இந்திரா காந்தி, சச்சின் டெண்டுல்கர், வாஜ்பாய், லதா மங்கேஷ்கர் என வரிசை அமைந்தது.

இதில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மக்கள் வாக்கில் அம்பேத்கருக்கு 19 லட்சத்துக்கு மேல் கிடைத்தது. நேருவுக்குக் கிடைத்தவை 10,000க்கும் குறைவு. பதின்மருள் அவருக்கே வாக்கு மிகக் குறைவு. ஆயினும் மூன்று அளவைகளையும் கூட்டியபோது அவர் நான்காமவரானார். ஒரே மனிதர் ஓர் அளவையில் கடைசியிலும் மொத்தத்தில் நான்காம் இடத்திலும் நிற்கிறார் எனில், அந்த எண் அளப்பது அவரை அன்று, அளக்கும் முறையையே.

அம்பேத்கர் முதலிடம் பெற்றதைக் குறை காண்பது இங்கு நோக்கமன்று. நூற்றாண்டுக் கணக்கில் எப்பட்டியலிலும் இடம் மறுக்கப்பட்ட மக்கள், வாய்ப்புக் கிட்டியபோது தம் தலைவரை முன்னிறுத்தினர். அது நேர்மையான வரலாற்றுச் செயலே. ஆனால் அவர் பெருமை 2012இல் தோன்றியதன்று. 1927இல் மகாடு நகரின் பொதுக் குளத்தில் நீரருந்தும் உரிமைக்காக மக்களைத் திரட்டிச் சென்றபோதும், அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராக உழைத்தபோதும் அது நிலைபெற்றுவிட்டது. 1956இல் மறைந்த அவருக்குப் பாரத ரத்னா 1990இல்தான் வழங்கப்பட்டது. பட்டியல்கள் பெருமையை ஆக்குவதில்லை; பெரும்பாலும் காலந்தாழ்ந்தே அதனைக் கண்டுகொள்கின்றன.

கவிஞர்கள் மற்றொன்றையும் கருதலாம். அப்பதின்மருள் எழுத்துக்காக இடம்பெற்றவர் ஒருவருமிலர். வாஜ்பாய் இந்தியில் கவிதை எழுதியவர். ஆயினும் அவர் இடம்பெற்றது அரசியலாலேயே.

அயல்நாடுகளிலும் நிலைமை இதுவே. அமெரிக்காவின் டைம் இதழ் 1930ஆம் ஆண்டின் மனிதராகக் காந்தியடிகளையும் 1938ஆம் ஆண்டின் மனிதராக ஹிட்லரையும் தேர்ந்தது. நன்மைக்கோ தீமைக்கோ, செய்திகளில் மிகுந்த தாக்கம் விளைவித்தவர் யார் என்பதே அவ்விதழின் அளவுகோல். படிப்போரோ அதனைப் பாராட்டு என்றே கொள்கின்றனர். 2002இல் பிபிசி நடத்திய பிரித்தானியப் பெரியார் தேர்வில், சர்ச்சிலுக்கு அடுத்த இடம் புருனல் என்னும் பொறியாளருக்குக் கிடைத்தது. அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் அவருக்காக ஊக்கத்துடன் வாக்குத் திரட்டியிருந்தனர்.

தெருப்பெயரில் ஒரு பட்டியல்

ஊடகங்கள் பெருகுமுன் பட்டியல் இல்லாமலில்லை. அது தெருப்பெயர்ப் பலகைகளில் இருந்தது. அதற்குத் தியாகராய நகரே சான்று. மாம்பலத்து ஏரிப்பகுதி தூர்க்கப்பட்டு 1920களில் புதுநகர் உருவானபோது, ஆட்சியிலும் நகராட்சியிலும் செல்வாக்குப் பெற்றிருந்தது நீதிக்கட்சி. ஆகவே நகருக்குப் பிட்டி தியாகராயர் பெயர் அமைந்தது. பூங்காக்கள் பனகல் அரசரையும் டாக்டர் நடேசனாரையும் நினைவூட்டின. சாலைகள் டி.எம். நாயர், முகமது உசுமான், கோ. நாராயணசாமி செட்டியார் ஆகியோர் பெயரைத் தாங்கின. அக்காலத்துப் போற்றத்தக்க பெரியோர் பட்டியலை அந்நகரின் வரைபடத்திலேயே படித்துவிடலாம்.

காலம் அப்பட்டியலை என்ன செய்தது? உசுமான் சாலையில் துணியும் நகையும் வாங்கச் செல்வோருள் உசுமான் யார் என அறிந்தோர் மிகச் சிலர். சௌந்தரபாண்டியனார் பெயரால் அமைந்த அங்காடி, ‘பாண்டி பஜார்’ எனச் சுருங்கியது. அப்பெயர் புதுச்சேரியைக் குறிப்பது என்று எண்ணுவாரும் உளர். சாதி ஒடுக்குமுறையை எதிர்த்து உழைத்த ஒருவரின் பெயர் நாள்தோறும் பல்லாயிரம் பேர் நாவில் ஒலிக்கிறது, அவரோ நினைக்கப்படுவதில்லை. பெயரைப் பொறிக்க அதிகாரம் போதும். அதனை நெஞ்சில் நிறுத்த அது போதாது.

பாரதி மகாகவியா?

பட்டியலால் நேர்ந்த பூசல் தமிழிலக்கிய உலகிலும் உண்டு. 1921 செப்டம்பரில் பாரதியார் திருவல்லிக்கேணியில் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் சென்றோர் இருபதின்மருக்கும் குறைவு என அவர்தம் வரலாற்றை எழுதியோர் கூறுவர். சென்னையின் போற்றத்தக்க பெரியோர் யார் என அவ்வாண்டு வாக்கெடுத்திருந்தால், அவர் பெயர் முதல் நூற்றுவருள்ளும் வந்திராது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1935இல், பாரதி மகாகவியா என்னும் விவாதம் பத்திரிகைகளில் மூண்டது. உலகப் பெருங்கவிஞர் எவர்க்கும் அவர் குறைந்தவரல்லர் என்றனர் வ.ரா. முதலியோர். அவர் சிறந்த தேசியகவியே. உலக மகாகவிகளின் வரிசையில் வைக்க இயலாது என்பது கல்கியின் நிலை. ஷேக்ஸ்பியர், தாகூர் ஆகியோர் பெயர்கள் அளவுகோல்களாயின. விவாதம் சூடேறி, நண்பர்களும் இரு அணிகளாகப் பிரிந்தனர்.

அப்பூசலில் எந்த இடம் முடிவாயிற்று என்பதை இன்று எவரும் தேடுவதில்லை. நிலைத்தவை வேறு. கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் மறுப்பாக எழுதிய கட்டுரைகள் ‘கண்ணன் என் கவி’ என்னும் நூலாயின. அந்நூல் பாரதியின் பாடல்களை எடுத்து ஆராய்ந்தமையால் தமிழ்த் திறனாய்வு வளர்ச்சியில் இடம்பெற்றது. மகாகவி எனும் இடத்தைத் தர மறுத்த கல்கியே பின்னர் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழ முன்னின்று நிதி திரட்டினார். 1947இல் அது திறக்கப்பட்டது. வரிசையில் எங்கே வைப்பது என்பதில் மாறுபட்டவர், அன்பில் மாறுபடவில்லை. ஒரு கவிஞருக்குச் செய்யத்தக்கவை அவர் பாடலைப் படித்தலும் பேணலுமே என்பதற்கு இவ்விரு செயல்களும் சான்றாகும்.

பெயரிழந்த புலவர்

பேணுதல் என்றதும் அடையாறு நினைவுக்கு வரும். உ.வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தபின், அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த ஏடுகளைக் காக்க 1943இல் அவர் பெயரால் நூல்நிலையம் தோன்றியது. அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் அது அமைந்துள்ளது. அவர் 1937இல் விரிவான உரையுடன் பதிப்பித்த குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் என்னும் புலவரைக் காண்கிறோம். அது அவர் இயற்பெயரன்று. பெயர் மறைந்துபோக, அவர் ஆண்ட உவமையே பெயராயிற்று. சங்க நூல்களில் அவர் பாடியதாகக் கிடைப்பது ஒரே பாடல். பாடல் எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தினால் கபிலருக்கு முன் அவர் நிற்க இயலுமா? ஆயினும் தமிழ் பயின்ற எவரும் அவரை மறந்ததில்லை. தொகை நூல்களைத் தொகுத்தோர் அடியளவு பார்த்தனர், திணை பார்த்தனர், புலவருக்குத் தர எண் இடவில்லை.

சுந்தரர் தொகுத்த தொகை

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளன்று அறுபத்து மூவர் திருவீதி உலா வருகின்றனர். அதுவும் ஒரு பட்டியலின் உலாவே. எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை அதன் மூலம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனை விரித்தார். சுந்தரரையும் அவர் பெற்றோரையும் கூட்டி 63 என எண்ணுவது மரபு.

அத்தொகை பிறந்த வரலாறு சிந்திக்கத்தக்கது. திருவாரூரில் அடியார் கூட்டத்தை வணங்காமல் சுந்தரர் கடந்து சென்றதாகக் கருதிய விறன்மிண்டர், அவரைப் புறம்பு என ஒதுக்கினார் என்று பெரியபுராணம் கூறும். அதன்பின் சுந்தரர் பாடிய தொகையில் அடியார் ஒவ்வொருவருக்கும் தம்மை அடியார் என்றே கூறிக்கொள்கிறார்; தம்மைக் கடிந்த விறன்மிண்டருக்கும் அவ்வாறே. பட்டியலிடுபவர் நடுவராக மேலே அமராமல், எல்லார்க்கும் கீழே நிற்கிறார். அரசரான சேரமான் பெருமாளும், குயவரான திருநீலகண்டரும், வேடரான கண்ணப்பரும், வலைஞரான அதிபத்தரும், வண்ணாரான திருக்குறிப்புத் தொண்டரும் அங்கே ஒரே சொல்லால் வணங்கப்படுகின்றனர். தொகையில் முன்பின் உண்டு, மேல்கீழ் இல்லை.

மயிலையிலேயே பிறந்த வாயிலார் நாயனாரும் அவர்களுள் ஒருவர். அவர் கோயில் எழுப்பவில்லை, பதிகம் பாடவில்லை, வீரச்செயல் எதுவும் புரியவில்லை. மனத்துக்குள்ளேயே வழிபட்டு வாழ்ந்தவர். செய்தியாக்க ஒன்றுமில்லாத வாழ்க்கை. வாக்கெடுப்பில் அவருக்கு ஒரு வாக்கும் விழாது. தொகையில் அவருக்கு இடம் உண்டு. மேலும், தனியடியாரோடு ஒன்பது கூட்டத்தாரையும் சுந்தரர் சேர்த்தார். அவருள், நாட்டெல்லைக்கும் காலத்துக்கும் அப்பாற்பட்ட, பெயரறியா அடியாரும் அடங்குவர். தமக்குத் தெரியாதவர்க்கும் இனிப் பிறப்பவர்க்கும் இடம் ஒதுக்கிய பட்டியல் அது.

அத்தொகையும் குறையற்றதன்று. 63 பேருள் பெண்டிர் மூவரே; அம்மூவருள் ஒருவர் சுந்தரரின் தாயார் இசைஞானியார். எந்தத் தொகையும் தன் காலத்தின் கண்ணைக் கொண்டே பார்க்கிறது. அதனை ஒப்பி, விடுபட்டோருக்கு வாயிலைத் திறந்து வைப்பதே தொகுப்போர் செய்யத்தக்கது.

முடிவாக

பெரியோரைப் போற்றுதல் வேண்டும். அதற்குப் பெயர்களைத் தொகுத்தலும் வேண்டும். ஐயுறத்தக்கது வரிசை எண்ணே. ஒரு பட்டியலைக் காணும்போது அதனை இயற்றியவர் யார், எவ்வளவையால் அளந்தார், யாரை முன்கூட்டியே விலக்கினார், தமக்கு எங்கே இடம் வைத்துக்கொண்டார் என்னும் நான்கு வினாக்களை எழுப்புதல் நலம்.

இலக்கிய வட்டத்துக்கும் இது பொருந்தும். பத்தாண்டு நிறைவில், இக்காலத்துச் சிறந்த கவிஞர் இத்தனை பேர் எனத் தரவரிசை செய்யும் ஆசை எழுதல் இயல்பு. அவ்வாசையைத் தவிர்த்து, கூட்டத்தில் ஒரே ஒரு கவிதை படித்துச் சென்றவரின் பெயரையும், பெயர் மறந்திருப்பின் அவர் விட்டுச்சென்ற உவமையையும் எழுதி வைத்தல் வேண்டும். செம்புலப்பெயனீரார் அவ்வாறு வந்தவரே.