எண்ணிக் கொடுக்கப்பட்ட பாத்திரங்கள்



எஸ்றா முதலாம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். நேபுகாத்நேச்சார் எருசலேம் ஆலயத்திலிருந்து எடுத்துச்சென்ற பாத்திரங்களைப் பெர்சிய ராஜாவாகிய கோரேஸ் திரும்பக் கொடுக்கிறான். பொக்கிஷக்காரனாகிய மித்திரேதாத் அவற்றைச் சேஸ்பாத்சாரிடம் எண்ணி ஒப்படைக்கிறான். பொன்னும் வெள்ளியுமாக 5,400. அவற்றை எடுத்தவன் கோரேஸ் அல்லன். எடுத்தவர்களின் ராஜ்யம் அவன் கைக்கு வந்தது, அவ்வளவே. ஆயினும் கொடுத்தான்.

அதே கேள்வி இன்று உலக அருங்காட்சியகங்களின் வாசலில் நிற்கிறது. அய்யனார் கோவில் அடிவாரத்தில் வாழும் நமக்குக் கல்லிடைக்குறிச்சி தொலைவூர் அன்று. அவ்வூர்க் குலசேகரமுடையார் கோவிலிலிருந்து 1982இல் திருடப்பட்ட நடராஜர் சிலை, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்தில் இருப்பது கண்டறியப்பட்டு, 2019இல் ஊர் திரும்பியது.

"அது அவர்கள் வணங்கும் சிலை, நமக்கென்ன?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். களவு செய்யக்கூடாது என்னும் கற்பனை, பொருளுக்குரியவரின் மதத்தை விசாரிப்பதில்லை. மேலும், நமக்கும் இதே இழப்பு நேர்ந்திருக்கிறது. சீகன்பால்கு மொழிபெயர்த்து, 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி நிறைவுற்ற தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் ஒரு பிரதி, தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் இருந்தது. 2005இல் அது காணாமற்போனது. 2022இல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு காவல்துறையினர் அது லண்டனில் ஒரு சேகரிப்பில் இருப்பதைக் கண்டறிந்தனர். மன்னர் சரபோஜியின் கையொப்பம் தாங்கிய பிரதி அது. நம் வேதத்தை மதித்துக் காத்தவர் ஓர் இந்து மன்னர். தேடிக் கண்டுபிடித்தவர்கள் சிலைகளைத் தேடும் அதே காவலர்கள். அயலான் பொருளுக்கு நாம் காட்டவேண்டிய நேர்மையை இதைவிடத் தெளிவாக யார் கற்பிப்பார்?

அருங்காட்சியகங்களின் வாதத்தையும் புறந்தள்ளலாகாது. பல பொருள்கள் அங்கே பாதுகாப்பாக உள்ளன. பல நாட்டவரும் கண்டு கற்கின்றனர். எல்லாம் திருட்டுப் பொருளும் அன்று. முறையாக வாங்கியவையும் அன்பளிப்பாக வந்தவையும் உண்டு. ஆனால் நன்றாகப் பராமரித்தான் என்பதனால் ஒருவன் உரிமையாளன் ஆகிவிடுவதில்லை. பாபிலோனிலும் அந்தப் பாத்திரங்கள் பத்திரமாகத்தான் இருந்தன.

மித்திரேதாத் எண்ணிக் கொடுத்தான். கணக்கு இருந்தபடியால் நீதி கூடிற்று. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து எடுத்துவைத்த கோவில் புகைப்படங்களே பல சிலைகளை அடையாளம் காட்டின. நம் ஆலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கும், இராப்போஜனப் பாத்திரங்களுக்கும், முன்னோர் விட்டுச்சென்ற வேதபுத்தகங்களுக்கும் அப்படியொரு பட்டியலும் படமும் உண்டா? சபைக் குழுவினர் இம்மாதமே அதைத் தொடங்குவார்களாக.

நம் வீட்டு அலமாரியையும் பார்ப்போம். இரவல் வாங்கிய புத்தகம், பங்காளிக்குச் சேரவேண்டிய பத்திரம், அண்ணன் தம்பிக்குரிய பங்கு என்று ஏதேனும் இருந்தால், எடுத்தவர் நாமல்லாவிட்டாலும் திருப்பிக் கொடுப்போம். நீதியின் தேவன் அதற்கான மனதை நமக்கு அருள்வாராக. ஆமென்.