கும்மட்டம்: ஒரு சொல் வந்த வழி

தில்லியிலும் ஐதராபாத்திலும் கருநாடகத்திலும் வாழும் நாம், கவிந்து வளைந்த கூரையொன்றைக் கண்டால், “அதோ, கும்மட்டம்” என்று நம் குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். பக்கத்தில் நிற்கும் இந்தி நண்பர் அதனையே ‘கும்பத்’ என்பார். மராட்டியர் ‘குமட்’ என்பார். கன்னடர் ‘கும்மட்ட’ என்பார். தெலுங்கர் ‘கும்மட்டமு’ என்பார். இவை யாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே.

அத்தாய், பாரசீக மொழியின் ‘கும்பத்’ என்னும் சொல். ஒலியும் வடிவும் ஒத்திருத்தலால், நம் ‘கும்பம்’ என்ற சொல்லே திரிந்து கும்மட்டமாயிற்று என எண்ணத் தோன்றும். ஆயினும் அது நம்மை வந்தடைந்தது பாரசீகத்தின் வழியாகவே. கூரையைக் குறித்த அச்சொல், நாளடைவில் அக்கூரை கவிந்த சமாதிக் கட்டடம் முழுவதற்கும் பெயராயிற்று. ஈரானில் 1006-ஆம் ஆண்டில் எழுந்த ‘கும்பதே காபூஸ்’ என்னும் சமாதிக் கோபுரத்தின் உச்சி கூம்பு வடிவானது. எனினும் பெயர் கும்பத்தே.

இவ்விரு பொருளையும் ஒருங்கே காண விரும்புவோர் பிஜப்பூருக்குச் செல்லலாம். 2014 முதல் விஜயபுரா எனப் பெயர் பெற்றுள்ள அந்நகரில், 1627 முதல் 1656 வரை ஆண்ட முகமது ஆதில் ஷாவின் சமாதியாகிய கோல் கும்பஸ் நிற்கிறது. அதன் கும்மட்டத்தின் உட்குறுக்களவு ஏறத்தாழ 124 அடி. நடுவே தாங்குதற்கு ஒரு தூணும் இல்லை.

சதுரமான சுவர்களின்மேல் வட்டமான கூரை எவ்வாறு அமரும்? கொத்தர்கள் எட்டு வளைவுகளை ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமாறு எழுப்பினர். சதுரம் எண்கோணமாகிப் பின் வட்டத்தை ஏற்றது. கும்மட்டம் தன் பாரத்தால் சுவர்களை வெளிப்புறம் தள்ள முயலும். வளைவுகளின்மேல் உட்புறமாக நீண்டிருக்கும் கட்டடத்தின் எடை அத்தள்ளுதலை எதிர்த்து நிற்கும்.

இக்கலை தமிழகத்திற்கும் புதிதன்று. 1636-ஆம் ஆண்டளவில் எழுந்த மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் சுவர்க்க விலாசத்தில் நாம் அண்ணாந்து பார்ப்பதும் கும்மட்டமே.

அயற்சொல்லாதலின் இதனை விலக்கிக் ‘குவிமாடம்’ என்றே வழங்கவேண்டும் என்பார் உளர். குவிமாடம் அழகிய சொல்லே. கூப்பிய கைபோலக் குவிந்த வடிவை அப்படியே கண்முன் நிறுத்துகிறது. ஆனால் கும்மட்டமோ, தமிழ் ஒலிக்கு இசைந்து, ‘அம்’ ஈறு பெற்று, நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஒன்று உருவத்தைச் சொல்கிறது. மற்றொன்று வரலாற்றைச் சொல்கிறது.

வேற்று மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள், பள்ளியிற் கற்கும் சொல் ஒன்றையே அறிந்து, இவ்விரண்டையும் இழந்துவிடலாகாது. அடுத்த முறை அவர்களுடன் ஒரு பழங்கட்டடத்தின் கீழ் நிற்கும்போது, இரு சொற்களையும் சொல்லிக் கொடுப்போமாக. அவ்வூர் நண்பர் வழங்கும் சொல்லையும் உடன் சேர்த்துச் சொன்னால், அவருக்கும் நமக்கும் உள்ள உறவு அவர்களுக்கு விளங்கும்.