கூரைக்குள் ஒரு வானம்

கிணற்றில் கவலை இறைக்கப் பின்னிரவிலேயே எழுந்து, விடிவெள்ளியின் உயரத்தைக் கொண்டே பொழுதறிந்த நாமக்கல், சேலம் சமவெளிகளின் உழவர்களுக்கு ஆகாயமே கடிகாரமாக இருந்தது. அந்த ஆகாயத்தைக் கூரைக்குள் கொணரும் வித்தையை, ஜெர்மனியின் ஜெனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலையில் வால்தர் பவர்ஸ்ஃபெல்ட் என்னும் பொறியியலறிஞர் 1923-இல் சாதித்தார். விளக்கொளியைச் சிறு துளைகளின் வழியே குவிமாடத்தின் உட்புறத்தில் நட்சத்திரங்களாகப் படியச் செய்து, பற்சக்கரங்களால் கிரகங்களை நகர்த்திய அந்த முதல் யந்திரம், மியூனிக் நகரத்தின் அட்சரேகைக்குரிய வானத்தை மாத்திரமே காட்டவல்லது. எத்தேசத்து வானையும் காட்டும் யந்திரம் பின்னரே வந்தது. அம்மாற்றம் நமக்குப் பெரிய அனுகூலம் என்பேன்; ஏனெனில் துருவ நட்சத்திரம் தொடுவானத்திற்குச் சுமார் 11 பாகை உயரத்தில் தாழ்ந்து நிற்பதும், தெற்கே அகத்தியர் என்னும் நட்சத்திரம் பிரகாசிப்பதுமே நம் வானம்.

இவ்வாறு கூரைக்குள் வானத்தைக் காட்டும் பிர்லா கோளரங்கம் சென்னைக் கோட்டூர்புரத்தில் 1988-இல் திறக்கப்பட்டது. ஆயினும் நாமக்கல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பட்டணம் தொலைவு; திருச்சி விமான நிலையத்தருகே 1999-இல் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் தோன்றிய பின்னரே, காலையில் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பும் தூரத்திற்கு அக்காட்சி வந்து சேர்ந்தது.