செருப்பில் சிக்காத உப்பு

எங்க பெருந்துறை சிப்காட்டில் தோல் ஆலைகளும் உண்டு. அந்தத் தோல் கப்பலேறிப் போகும் நாடுகள் என்னென்ன கேட்டன என்று தேடிப் படித்தேன்.

1989 டிசம்பரில் ஜெர்மனி பென்டாகுளோரோபினாலைத் தடை செய்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் மருந்து அது. கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் அங்கே விற்கவே முடியாது. அப்புறம் சில அசோ சாயங்கள். வாங்குறவன் கேட்டால் மாத்தித்தானே ஆகணும்? அந்தச் சாயங்களை 1997-ல் இந்தியாவும் தடை செய்தது.

கிணறு கெட்ட கதை வேற. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. வேலூர் வழக்குன்னுதான் பேரு. அபராதப் பட்டியலில் நம்ம ஈரோடு மாவட்டமும் இருந்தது.

2015 மே முதல், தோலில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். சரி. ஆனால் பச்சைத்தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பு, ஊறவைக்கும்போதே கழுவிப் போயிடுது. செருப்பை எந்த ஆய்வகத்தில் சோதித்தாலும் அது தெரியாது. கழிவுநீரைக் காய்ச்சிப் பிரித்தாலும் மூட்டை மூட்டையாக உப்பு மிஞ்சுது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?